காஸ்பர் நோட்டில் பதினேழாவது பேர்

கணக்கு டீச்சர் மர்சலினை ஏமாற்ற முடியாது என்று சாந்தோமில் அம்மாவும் மகளுமாக இரண்டு தலைமுறைப் பெண்கள் சத்தியம் செய்வார்கள். பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதிய விடையை, அது சரியான விடையாகவே இருந்தாலும், அவள் மோப்பம் பிடித்துவிடுவாள். "வழி எங்கடி? வழியைக் காட்டு" என்பாள். விடைக்கு ஒரு மார்க், வழிக்கு நாலு மார்க். அப்பேர்ப்பட்டவளை ஒருவர் ஆறு மாதம் கண்ணைக் கட்டி அழைத்துப் போனார். அதில் நாலு மாதம் சனிக்கிழமை தவறாமல், கூடவே நடந்து, அடையாறு பாலத்தின் மேல்.

முதலில் அந்த வேண்டுதலைச் சொல்லிவிட வேண்டும். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால், ஒரே மகள் ரெனிட்டாவுக்கு மூன்று வயதாக இருந்தபோது மூளைக்காய்ச்சல் வந்தது. எழும்பூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் கிடந்தாள். காய்ச்சல் இறங்கியது, கால் எழும்பவில்லை. தூக்கி நிறுத்தினால் துணிப் பொம்மை மாதிரி மடங்கி உட்கார்ந்தாள். மர்சலின் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, வேளாங்கண்ணி இருக்கும் தெற்குத் திசையைப் பார்த்துச் சொன்னாள்: "மாதாவே, எம்பிள்ள எழுந்து நடந்தா நான் உங்கிட்ட நடந்தே வர்றேன்." நாற்பதாம் நாள் பிள்ளை கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நடந்தது.

நடந்தே போவது என்றால் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், பதினோரு நாள். ஆகஸ்ட் இருபத்தொன்பதாம் தேதி மாதா திருவிழாக் கொடியேற்றம். அதற்குப் போய்ச் சேர வேண்டுமானால் பதினெட்டாம் தேதி வாக்கில் காவித் துணி கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஆகஸ்டில் எந்தப் பள்ளிக்கூடம் கணக்கு டீச்சருக்குப் பதினோரு நாள் லீவு கொடுக்கும்? காலாண்டுப் பரீட்சை கழுத்தைப் பிடிக்கும் நேரம். ஒவ்வொரு மே மாதமும் குடும்பத்தோடு ரயிலில் போய் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தாள். ரயிலில் போனது இந்த வேண்டுதலில் சேராது என்று அவளுக்கும் தெரியும், மாதாவுக்கும் தெரியும்.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம் மர்சி" என்பார் அவள் வீட்டுக்காரர் ஃபிரெட்ரிக். ஒரு கப்பல் ஏஜென்ட் கம்பெனியில் கிளார்க்காகச் சேர்ந்து மேனேஜராக ஓய்வு பெற்றவர். கோயில் பாடகர் குழுவில் கனத்த குரல், கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவையில் செயலாளர், யார் வீட்டு அடக்கத்துக்கும் முதல் ஆளாக நிற்பவர். ஊருக்கு நல்லவர். அவருடைய அந்த 'அடுத்த வருஷ'த்தில் இருபத்தைந்து ஆகஸ்ட் மாதங்கள் காணாமல் போயின.

மர்சலினுக்குப் பயம் பிடித்தது அவளுடைய அக்கா பிலோமினாவால். அக்கா நர்ஸ். அறுபது வயது முடிகிற நாள்வரை ஒரு நாள் கூட முன்னால் விடமாட்டேன் என்று வேலை பார்த்தாள். ரிட்டயர் ஆனதும் ஜெருசலேம் போக வேண்டும், ஊட்டியில் ஒரு மாதம் தங்க வேண்டும், கடற்கரையில் தினமும் நடக்க வேண்டும் என்று ஒரு பட்டியலே வைத்திருந்தாள். ரிட்டயர் ஆன எட்டாவது மாதம் இரண்டு முட்டியும் போயிற்று. இப்போது மந்தைவெளியில் மாடி பால்கனியில் உட்கார்ந்து, டிப்போவுக்குள் நுழையும் பஸ்களின் நம்பரை வாசிக்கிறாள். "கண் கெட்ட பெறகு சூரிய நமஸ்காரம்னு சொல்வாங்கல்ல, அது நான்தாண்டி" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு வரும் ஒவ்வொரு முறையும் மர்சலின் வீட்டுப் படியில் ஏறும்போது தன் முட்டி சத்தம் போடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்பாள்.

போன கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால் வலது முட்டி லேசாகச் சத்தம் போட்டது. டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்து, "இப்போதைக்கு நல்லா இருக்கு டீச்சர். தேய ஆரம்பிச்சிருக்கு. இன்னும் ரெண்டு மூணு வருஷம் நல்லா நடக்கலாம்" என்றார். மர்சலினுக்கு வயது ஐம்பத்தாறு. வேலை இன்னும் நாலு வருடம் இருந்தது. மூன்றை நாலிலிருந்து கழிப்பதற்குக் கணக்கு டீச்சர் தேவையில்லை.

அதே சமயம் பள்ளியில் வேறொன்று காத்திருந்தது. வருகிற ஜூனில் உதவித் தலைமையாசிரியை நாற்காலி காலியாகிறது. சீனியாரிட்டிப்படி அது மர்சலினுக்கு. அவளுக்கு அடுத்து ஜொவிட்டா. முப்பத்திரண்டு வருடம் சாக்பீஸ் தூள் தின்றவளுக்கு அந்த நாற்காலியில் ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய். எட்டாம் வகுப்புப் பெண்களுக்குக் கணக்குப் பாடம் எந்தப் பீரியடில் வர வேண்டும் என்பது பற்றி அவளுக்குத் தீர்மானமான கருத்து உண்டு. சாப்பாட்டுக்குப் பிறகு வரவே கூடாது. அந்த டைம்டேபிளைத் தானே போட வேண்டும் என்று பத்து வருடமாக நினைத்திருந்தாள்.

இரண்டுக்கும் நடுவில் அவள் அல்லாடிக்கொண்டிருந்தபோதுதான் ஃபிரெட்ரிக் வாயைத் திறந்தார். அறுபது வரை இரு, அறுபது வரை இரு என்று காலமெல்லாம் சொன்ன மனுஷர், கிறிஸ்துமஸ் மறுநாள் காலையில் கேக்கைக் காபியில் தோய்த்துக்கொண்டே, "லெட்டர் குடுத்துடு மர்சி" என்றார். "ஒடம்பு நல்லா இருக்கும்போதே அனுபவிக்கணும். பிலோமினா அக்காவைப் பாத்துட்டும் புத்தி வரலன்னா எப்படி? வர்ற ஆகஸ்ட்ல வேளாங்கண்ணிக்கு நடக்கறோம். ரெண்டு பேரும்."

மர்சலினுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கல்யாணமாகி முப்பத்தோரு வருடத்தில் தன் மனதைத் திறந்து படித்ததுபோல் அவர் பேசியது அன்றுதான் என்று நினைத்தாள். நினைத்ததோடு நிற்காமல் ஜொவிட்டாவிடமும் போய்ச் சொன்னாள்.

ஜொவிட்டா சந்தோஷப்படவில்லை. அந்த நாற்காலி தனக்கு வரும் என்று தெரிந்தும் அவள் கேட்டாள்: "மிஸ், இது உங்க யோசனையா, சார் யோசனையா?"

"ரெண்டு பேர் யோசனையும்தான்" என்றாள் மர்சலின், பெருமையாக.

ஜனவரி முழுவதும் யோசித்தாள். பிப்ரவரி இருபத்தேழாம் தேதி விருப்ப ஓய்வுக் கடிதத்தைக் கொடுத்தாள். மூன்று மாத நோட்டீஸ், மே முப்பத்தொன்றோடு வேலை முடிகிறது. கடிதத்தைத் தன் கையாலேயே, கரும்பலகையில் எழுதும் அந்தச் சாய்வில்லாத எழுத்தில் எழுதினாள். ஏப்ரல் கடைசி வேலை நாளில் பிரிவுபசாரம். பத்தாம் வகுப்புப் பெண்கள் ஒரு பெரிய காம்பஸ் பெட்டியைக் கேக்காகச் செய்து கொண்டுவந்திருந்தார்கள். அழக் கூடாது என்று போனவள் அந்தக் காம்பஸைப் பார்த்து அழுதாள்.

நடைப் பயிற்சி மார்ச்சிலேயே தொடங்கிவிட்டது. ஃபிரெட்ரிக் அவளைத் தி.நகருக்குக் கூட்டிக்கொண்டு போய் பாண்டி பஜாரில் இரண்டு ஜோடி ஷூ வாங்கினார். தன் ஷூவைப் போட்டுக்கொண்டு கடைக்குள் ஐந்து தடவை நடந்து பார்த்தார், குதித்துப் பார்த்தார், நுனிக்காலில் நின்று பார்த்தார். இவளுடையது, ஒன்று வாங்கினால் இன்னொன்று பாதி விலை என்ற சலுகையில் வந்தது. கொஞ்சம் பிடித்தது. "போடப் போடச் சரியாயிடும்" என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு சாந்தோமிலிருந்து கிளம்பி, பட்டினப்பாக்கம் வழியாக, அடையாறு பாலம் தாண்டி, பெசன்ட் நகர் மாதா கோயில் வரை நடப்பார்கள். பாலம் முடிகிற இடத்தில் அறிவு என்று ஒருவரின் டீக்கடை. அறிவு அவர்களைத் தூரத்தில் பார்க்கும்போதே இரண்டு டீ போட ஆரம்பித்துவிடுவார். ஃபிரெட்ரிக் பாலத்தின் மேல் மாதா பாட்டுகளைக் கனத்த குரலில் பாடுவார். எதையும் சந்தேகிக்காத முழு முட்டாளாக மர்சலின் அந்த நடைகளில் சந்தோஷமாக இருந்தாள். ஆற்றிலிருந்து வரும் நாற்றம் கூட அவளுக்கு உறைக்கவில்லை.

"பேர் குடுக்கணுமே, காஸ்பரைப் பாக்கட்டுமா?" என்று ஒருமுறை கேட்டாள். யாத்திரைக் குழுவை நடத்துகிறவர் காஸ்பர். பட்டினப்பாக்கத்தில் எலெக்ட்ரீஷியன்.

"அதை எங்கிட்ட விடு. காஸ்பர் நம்ம ஆளு" என்றார் ஃபிரெட்ரிக்.

ஜூன் முதல் வாரத்தில் ரெனிட்டா கைக்குழந்தையோடும் மூன்று பெட்டியோடும் வந்து இறங்கினாள். சோழிங்கநல்லூரில் கணவனோடு இருப்பவள். பிரசவ லீவு முடிந்து, அதற்கு மேல் எடுத்த சம்பளமில்லா லீவும் முடிந்து, வேலைக்குத் திரும்பியாக வேண்டும். மாமியார் திருச்சியை விட்டு வரமாட்டேன் என்கிறாளாம். "ரெண்டே வாரம் மம்மி. பாப்பாவைப் பாத்துக்க ஆள் கெடச்சதும் போயிடறேன்" என்றாள். குழந்தைக்கு ஜேன் என்று ஞானஸ்நானப் பேர், கூப்பிடுவது ஜானு. ஒன்பது மாதம். பாட்டியின் மூக்குக் கண்ணாடியைக் கண்டால் விடாது.

இரண்டு வாரம் நாலு வாரமாயிற்று. ஆள் தேடும் அறிகுறி ஒன்றும் தெரியவில்லை. மாறாக, கூடத்தில் தொட்டில் கம்பி மாட்டியாயிற்று. ஃப்ரிட்ஜின் மேல் ஜானுவின் தடுப்பூசித் தேதிகள் அடுத்த மார்ச் வரை எழுதி ஒட்டியாயிற்று. கஞ்சி காய்ச்சுவது, கால் கழுவுவது, தூங்க வைப்பது எல்லாம் மர்சலின். ஃபிரெட்ரிக் குழந்தையைக் கொஞ்சுவார், அது ஈரமானதும் "மர்சி" என்று குரல் கொடுப்பார். ஆனாலும் அவள் சந்தேகப்படவில்லை. பேத்தியைத் தூக்கினால் கை வலிக்கிறதென்று எந்தப் பாட்டி சொல்வாள்? ஆகஸ்டில் பதினோரு நாள் மட்டும் ரெனிட்டா லீவு போட்டுச் சமாளித்துக்கொள்வாள் என்று அவள் தன் மனதிலேயே ஏற்பாடு செய்து வைத்திருந்தாள்.

ஜூலை முதல் ஞாயிறு. பூசை முடிந்து வெளியே வந்தவள், குகை மாதிரி கட்டிய மாதா கெபிக்குப் பக்கத்தில் நோட்டும் கையுமாக நின்ற காஸ்பரிடம் போனாள். காஸ்பரின் இரண்டு பெண்களும் அவளிடம் படித்தவர்கள்.

"காஸ்பர், ராத்திரி தங்கற எடத்துல பாய் இருக்குமா, நாங்களே எடுத்துக்கினு வரணுமா?"

"சாருக்கா டீச்சர்? சாருக்கு எல்லாம் வண்டில கீது. ஒண்ணும் கவலைப்படாதீங்க."

"அவருக்கு சரி. எனக்கு?"

காஸ்பர் அவளைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். பிறகு மறுபடி அவளைப் பார்த்தார். "இன்னா டீச்சர், நீங்க வரலன்னுதானே சார் சொன்னாரு?"

"எப்போ சொன்னாரு?"

"பேர் எழுதச் சொல்லும்போதே சொன்னாரு. புது வருஷ மீட்டிங்ல. பேத்தியைப் பாத்துக்கறதுக்குத்தான் டீச்சர் வேலையை வுடறாங்க, அவங்க வேண்டுதலுக்கு நான் நடக்கறேன்னாரு. நாங்கல்லாம் கைதட்டுனோம் டீச்சர்."

அவள் கையை நீட்டினாள். காஸ்பர் நோட்டைக் கொடுத்தார். நாற்பது பேர். பதினேழாவது வரியில் ஃபிரெட்ரிக், வயது 61. 'கருத்து' என்ற கட்டத்தில், எதற்காக நடக்கிறார் என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது: மகளுக்குக் கால் கொடுத்ததற்கு நன்றி, மனைவியின் சார்பில். மேலே தேதி: ஜனவரி 11.

மர்சலின் அந்தத் தேதியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஜனவரி பதினொன்றில் அவள் இன்னும் முடிவே செய்யவில்லை. தூங்காமல் புரண்டுகொண்டிருந்த நாட்கள் அவை. விடுவதா வேண்டாமா என்று இவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, பங்கு மீட்டிங்கில் இவள் வேலையை விட்டதற்குக் கைதட்டி முடித்திருக்கிறார்கள். விடை முதலிலேயே எழுதப்பட்டுவிட்டது. வழியை மட்டும் அவளைப் போட வைத்திருக்கிறார்கள். கோயில் வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும், அவளைத் தவிர. அவமானத்தில் காது இரண்டும் சுட்டது.

வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரக் குழம்பு. ஃபிரெட்ரிக் சாப்பிட உட்கார்ந்திருந்தார். ரெனிட்டா ஜானுவுக்குச் சாதம் பிசைந்துகொண்டிருந்தாள்.

"ஜனவரி பதினொண்ணாந் தேதி காஸ்பர்கிட்ட பேர் குடுத்தீங்களா?"

அவர் முகத்தில் ஒரு நொடிதான் ஏதோ ஓடியது. உடனே சிரித்துவிட்டார். "சொல்லிட்டானா? ஒனக்கு சர்ப்ரைஸா சொல்லலாம்னு இருந்தேன். இருவத்தாறு வருஷமா ஒம்மனசுல கெடக்கற வேண்டுதல், மர்சி. அதை நான் தீத்துடறேன். ஒரு பெரியவர்கிட்ட கேட்டுட்டேன். புருஷனும் பொண்டாட்டியும் ஒரே ஒடல், யார் நடந்தாலும் மாதா ஏத்துப்பாங்கன்னாரு."

"ஒரே ஒடலா? அப்ப ஈரத்துணி மாத்தறது மட்டும் ஏன் எங் கையாவே இருக்கு?"

"மம்மி, டாடியைத் திட்டாதீங்க" என்றாள் ரெனிட்டா. "நான்தான் கேட்டேன். ஜானுவை யார்கிட்டயோ விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல."

"எங்கிட்ட ஏண்டி கேக்கல?"

ரெனிட்டா பிசைந்த சாதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க ஸ்கூலை விடமாட்டீங்கன்னு தெரியும். டாடிதான் சொன்னாரு, பேத்திக்காகன்னு சொன்னா வராது, வேளாங்கண்ணின்னு சொன்னாத்தான் மம்மி லெட்டர் எழுதுவான்னு."

மர்சலின் மகளைப் பார்த்தாள். மூன்று வயதில் மடங்கி மடங்கி உட்கார்ந்த அதே பிள்ளை. அதற்காகச் செய்த வேண்டுதல். அதையே தூண்டில் முள்ளில் மாட்டி அவள் முன்னால் ஆட்டியிருக்கிறார்கள், இரண்டு பேருமாகச் சேர்ந்து. அவளும் மீனைவிட மோசமாகப் பாய்ந்து கவ்வியிருக்கிறாள்.

"இப்ப என்ன கெட்டுப்போச்சு?" என்றார் ஃபிரெட்ரிக், நிஜமாகவே புரியாமல். "நீயும் நடக்கணும்னா அடுத்த வருஷம் நட. ஜானு பிளே ஸ்கூல் போயிடுவா."

அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. மனுஷர் வெட்கப்படக்கூட இல்லை. தான் செய்தது பெரிய தியாகம் என்றே நம்பிக்கொண்டிருந்தார். பாலத்தின் மேல் அவர் பாடியபடி நடந்தது பாசத்தால் இல்லை, தன் காலைப் பழக்குவதற்கு. ஐந்து தடவை நடந்து பார்த்து வாங்கிய ஷூவும், பாதி விலைக்கு வந்த ஷூவும் அவள் கண் முன்னால் வந்து நின்றன.

அன்று அவள் சாப்பிடவில்லை. மத்தியானம் மந்தைவெளிக்குப் போய் அக்காவின் பால்கனியில் உட்கார்ந்துகொண்டாள். நேராகக் கேட்டிருந்தால் ஒருவேளை கொடுத்திருப்பாள். பேத்தி அவளுக்கும் பேத்திதானே. சண்டை போட்டிருப்பாள், ஒரு வருடம் தவணை கேட்டிருப்பாள், பிறகு ஆகட்டும் என்றிருப்பாள். அல்லது முடியாது என்று சொல்லிவிட்டு அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து டைம்டேபிளைப் போட்டிருப்பாள். அல்லது யாரும் சொல்லாமலே முட்டியை நம்பி லெட்டர் கொடுத்திருப்பாள். மூன்றில் எது என்று இனிமேல் அவளுக்குத் தெரியப்போவதில்லை. அது தெரியாமல் போனதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது. வாழ்க்கையில் தன்னந்தனியாக யோசித்து எடுத்த ஒரே பெரிய முடிவு என்று அதை நினைத்திருந்தாள்.

"லெட்டரை வாபஸ் வாங்க முடியாதாடி?" என்றாள் பிலோமினா.

"மே மாசமே முடிஞ்சுபோச்சு. ஜொவிட்டா நாற்காலில ஒக்காந்தாச்சு. பாவம், ஃபோன் பண்ணி அழுதா."

அக்கா டிப்போவுக்குள் நுழைந்த ஒரு பஸ்ஸின் நம்பரை வாசித்தாள். "வேலை போனது போச்சு. முட்டி இருக்கில்ல?" என்றாள்.

திங்கட்கிழமை காலையில் மர்சலின் பட்டினப்பாக்கம் போனாள். காஸ்பர் ஏணியின் மேல் நின்று யார் வீட்டுக்கோ ஃபேன் மாட்டிக்கொண்டிருந்தார்.

"என் பேரை எழுதிக்கோ காஸ்பர்."

"நாப்பது ஆயிடுச்சே டீச்சர். தங்கற கோயிலுக்கெல்லாம் கணக்கு சொல்லியாச்சு. சமையல், வண்டி எல்லாம் அதுக்குத்தான். அடுத்த வருஷம்..."

"அந்த வார்த்தையைச் சொல்லாதே. பதினேழாவது பேரை அடிச்சுட்டு என் பேரை எழுது."

காஸ்பர் ஏணியிலிருந்து இறங்கினார். "சாரைக் கேக்காம எப்டி டீச்சர்?"

"என்னைக் கேட்டா அவர் பேரை எழுதின?"

காஸ்பர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

வீட்டில் அதற்குப் பிறகு ஆறு வாரம் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. ஃபிரெட்ரிக் முதலில் சிரித்தார், பிறகு கோபப்பட்டார், பிறகு பேச்சை நிறுத்தினார். பேரவையில் தன் மானம் போய்விட்டதாக ரெனிட்டாவிடம் சொன்னார். ரெனிட்டா, "டாடியால தனியா எப்படி மம்மி ஜானுவைப் பாத்துக்க முடியும்?" என்று அழுதாள்.

"முந்நூறு கிலோமீட்டர் நடக்கறதுக்குத் தெம்பு இருக்கு. ஒம்பது கிலோ குழந்தையைத் தூக்கத் தெம்பு இருக்காதா?" என்றாள் மர்சலின். கஞ்சி காய்ச்சுகிற பக்குவத்தை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள், ஒன்று, இரண்டு என்று எண் போட்டு. தி.நகருக்குத் தனியாகப் போய்ப் புது ஷூ வாங்கினாள். கடைக்குள் ஆறு தடவை நடந்து பார்த்தாள்.

ஆகஸ்ட் பதினெட்டு, காலை ஐந்து மணி. கோயில் வாசலில் மாதா சொரூபம் வைத்த சின்னத் தேர் நின்றது. நடக்கிறவர்களிடம் நடக்காதவர்கள் மெழுகுதிரி கொடுத்து அனுப்புவது வழக்கம், எங்களுக்காகவும் ஒன்று ஏற்றுங்கள் என்று. யாரும் மறுக்க மாட்டார்கள். மறுப்பது என்ற பேச்சே கிடையாது. எதிர் வீட்டு ஹாஜிரா பீ பேரனின் பரீட்சைக்காக ஒரு பாக்கெட் கொடுத்தாள். ஜொவிட்டா தன் பங்குக்கு ஒன்று தந்துவிட்டு, "எட்டாம் கிளாஸுக்குக் கணக்கைக் காலையில மாத்திட்டேன் மிஸ்" என்றாள். பிலோமினா ஆட்டோவில் வந்து இறங்காமலே ஒரு திரியை நீட்டினாள்: "எம் முட்டியைப் பத்திச் சொல்லுடி. இனிமே சரியாகாதுன்னு தெரியும். சும்மா சொல்லி வையி."

எல்லாவற்றையும் மர்சலின் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

கடைசியில் ஃபிரெட்ரிக் வந்தார். இடுப்பில் ஜானு, தூக்கம் கலையாமல். அவர் சட்டைத் தோளில் பால் கறை. பேரவைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையில் ஒரு நீள மெழுகுதிரி.

"எனக்காகவும் ஒண்ணு ஏத்திடு மர்சி" என்றார். குரல் அவ்வளவு கனமாக இல்லை.

அவள் குழந்தையின் தலையில் சிலுவை அடையாளம் போட்டாள். மெழுகுதிரியைப் பார்த்தாள். அவர் கை நீட்டியபடியே நின்றது.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாங்க" என்றாள்.

தேர் நகர்ந்தது. மரியே வாழ்க என்று காஸ்பர் குரல் கொடுக்க, நாற்பது பேரும் நடந்தார்கள். பட்டினப்பாக்கம் தாண்டும்போது வெளிச்சம் வந்துவிட்டது. பாலத்தில் ஏறியபோது அவள் மனம் ஒரே கணக்கில் சுற்றியது. வேளாங்கண்ணியில் போய் நின்று மகளுக்குக் கால் கொடுத்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். அந்தக் கால்தான் மூன்று பெட்டியோடு வந்து அவள் வீட்டுப் படி ஏறியது. எந்த வாயால் நன்றி சொல்வது என்று தெரியவில்லை. எப்படியும் சொல்லிவிடுவாள். வாக்குக் கொடுத்தவள் அவள். வாக்கு என்றால் என்ன என்று அந்த வீட்டில் ஒருத்திக்காவது தெரிந்திருக்க வேண்டாமா?

பாலம் முடிகிற இடத்தில் தேரை ஓரமாக நிறுத்தி ஐந்து நிமிடம் இளைப்பாறினார்கள். டீக்கடை அறிவு அவளைப் பார்த்துவிட்டார். பழக்க தோஷத்தில் இரண்டு டம்ளரை எடுத்து வைத்து டீயை ஊற்றினார்.

"இன்னா டீச்சர், பாட்டுச் சத்தமே காணோம். சார் பின்னால வந்துகினு கீறாரா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் கழுத்து தானாகத் திரும்பி, பாலத்தைப் பார்த்துவிட்டது. அங்கே பஸ்ஸும் பைக்கும்தான் வந்துகொண்டிருந்தன. ஆறு வாரமாக அழாதவள், அந்த ஒரு திரும்பலில் உடைந்து, டம்ளர்களுக்கு முன்னால் நின்று சத்தமாக அழுதாள். காவித் துணி கட்டியவர்கள் அழுவதைப் பக்தி என்று நினைத்து அறிவும் கையெடுத்துக் கும்பிட்டார்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு டீயை மட்டும் குடித்துவிட்டு, அவள் தேருக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டாள்.